மதிலுக்கு உள்ளே ஒரு மிஷன்

புதுச்சேரிக்கு நீங்கள் போயிருப்பீர்கள். போனவர்கள் எல்லாரும் கடற்கரையைப் பார்த்திருப்பீர்கள். மணக்குள விநாயகரைத் தரிசித்திருப்பீர்கள். அடுத்த தடவை போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். விடியற்காலையில், ஊர் இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும் வேளையில் எழுந்து, கடற்கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே நடந்து, பெரிய வாய்க்காலைத் தாண்டி மிஷன் வீதிக்கு வாருங்கள். ஆறு மணி பூசைக்கு மணி அடிக்கும். முக்காடிட்ட பெண்மணிகள் கையில் ஜெபமாலையும், இடுப்பில் தூக்கக் கலக்கத்துடன் ஒரு குழந்தையுமாக வேகவேகமாகப் போவார்கள். அவர்கள் போகும் இடந்தான் ஜென்மராக்கினி மாதா கோவில். ஊராருக்கு அது 'சம்பா கோவில்'. அர்ச்சியசிஷ்ட சின்னப்பரின் பெயரைப் போர்த்துக்கீசியர் 'சம் பாவ்லு' என்று சொல்ல, அது நம்மவர் வாயில் புகுந்து புறப்பட்டுச் 'சம்பா'வாகிவிட்டது என்கிறார்கள். சம்பா நெல்லுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை!

வீதிக்கே 'மிஷன்' என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அந்த மிஷனின் வேலைதான் என்ன? தேவராஜ்யத்தைப் பூமியில் பரப்புவது. கிறிஸ்தவர்கள் தினமும் காலையும் மாலையும் சொல்லும் கர்த்தர் கற்பித்த ஜெபத்திலேயே, 'உம்முடைய ராஜ்யம் வரவேண்டும்' என்று ஒரு வேண்டுதல் இருக்கிறது. சரி, அந்த ராஜ்யத்தை எப்படி வரவழைப்பது? இந்தக் கேள்விக்குப் புதுவை மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பலவிதமாக விடை சொல்லிப் பார்த்திருக்கிறது. அதில் ஒரு விடை மிகவும் தவறான விடை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மறைத்துவிட்டு மேலே போவது நியாயமல்ல.

சம்பா கோவிலை ஒட்டி, ஒரு காலத்தில் வேதபுரீசுவரர் ஆலயம் இருந்தது. ஒரு பக்கம் பூசை மணி, மறு பக்கம் ஆலய மணி. சேசு சபைப் பாதிரிமார்களுக்கு இந்த அண்டை வீடு பிடிக்கவில்லை. அந்த ஆலயத்தை அப்புறப்படுத்த வேண்டும் என்று கவர்னருக்குக் கவர்னர் வற்புறுத்தி வந்தார்கள். ஊர் கலைந்துவிடும், வியாபாரம் படுத்துவிடும் என்ற பயத்தில் கவர்னர்கள் தயங்கினார்கள். 1748-ஆம் வருஷம் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் புதுவையை முற்றுகையிட வந்தபோது சந்தர்ப்பம் வாய்த்தது. துய்ப்ளேக்ஸ் கவர்னர். அவருடைய மனைவி ழான் அம்மையாரோ பாதிரிமார் பக்கம். அந்த வருஷம் செப்டம்பர் மாதம் மண்வெட்டியும் கடப்பாரையுமாக ஆட்கள் வந்து ஆலயத்தை இடித்தார்கள்.

இதையெல்லாம் நமக்கு எழுதி வைத்தவர் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரையில் அவர் எழுதிய தினப்படிச் செய்திக் குறிப்பு மட்டும் இல்லாவிட்டால், அந்தக் காலத்துப் புதுவையைப் பற்றி நமக்குப் பாதிகூடத் தெரிந்திராது. கெர்தூ என்ற பாதிரியார் கையில் பெரிய சம்மட்டியோடு வந்து லிங்கத்தைக் காலால் உதைத்து உடைத்தார் என்று மனம் நொந்து எழுதியிருக்கிறார் பிள்ளை.

இந்தக் கெர்தூ யார் தெரியுமா? பின்னாளில், 1767-ல், சமஸ்கிருதமும் லத்தீனும் கிரேக்கமும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று பாரீஸ் பண்டிதர் சபைக்கு எழுதிக் காட்டியவர் அவர்தான். வில்லியம் ஜோன்ஸ் 1786-ல் அதையே சொல்லிப் பெரும் புகழ் பெறுவதற்கு ஏறக்குறைய 20 வருஷம் முன்பு! ஒரு தேசத்தின் பாஷையில் அவ்வளவு நுட்பமாகக் காது வைக்கத் தெரிந்தவருக்கு, அந்தத் தேசத்தாரின் மனத்தில் காது வைக்கத் தெரியவில்லை. 13 வருஷம் சென்றது. 1761-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கியபோது சம்பா கோவிலும் இடிபட்டது. இன்று நாம் பார்க்கும் கட்டடம் 1791-ல் முடிந்தது. அதே இடத்தில் எழும்பிய நாலாவது கோவில் அது. வேதபுரீசுவரரும் அருகிலேயே, இன்றைய ஈசுவரன் கோவில் வீதியில், மறுபடியும் குடிகொண்டுவிட்டார். சம்மட்டியால் யாருக்கு என்ன லாபம், சொல்லுங்கள்?

கோவிலுக்கு உள்ளேயும் சமாதானம் நிலவியது என்று நினைத்துவிடாதீர்கள். தாழ்த்தப்பட்ட மக்கள் தனியே நின்று பூசை காண்பதற்காகச் சம்பா கோவிலுக்குள்ளேயே ஒரு சுவர் இருந்தது. 1745-ல் காரைக்காலிலிருந்து வந்த ஒரு பாதிரியார் இதைக் கண்டு கொதித்தார். தாழ்த்தப்பட்ட மக்களும் துணிந்து முறையிட்டார்கள். சுவர் இடிபட்டது. உடனே உயர்ந்த சாதிக் கிறிஸ்தவர்கள் ரகளை செய்ய, ஊரே இரண்டுபட்டது. இதுவும் பிள்ளையவர்களின் குறிப்பில் இருக்கிறது. 'எங்கள் பிதாவே' என்று எல்லாரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்துக்கு நடுவே ஒரு சுவர்! இடிக்க வேண்டியது எது, இடிக்கக் கூடாதது எது என்பது அந்த நாளில் எவ்வளவு குழம்பிக் கிடந்தது பாருங்கள்.

போகட்டும். 1773-ல் போப்பாண்டவரே சேசு சபையைக் கலைத்துவிட்டார். 1776-ல் பாரீஸ் வேதபோதகச் சபையார் புதுவை மிஷனை ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டார்களே தவிர, அனுப்ப ஆள் ஏது? கொஞ்ச காலத்துக்குள் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. பாதிரிமார் வருவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. புதுவையைச் சுற்றிலும், செஞ்சிப் பக்கத்திலும், தென்னாற்காட்டு, வடஆற்காட்டுக் கிராமங்களிலும் இருந்த கிறிஸ்தவர்கள் சாமியாரின் முகத்தை வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் அதிகம்.

அப்படியிருந்தும் வேதம் அழியவில்லை. ஏன்?

இந்த இடத்தில்தான் உபதேசியாரை உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டும். அவர் குருவானவர் அல்லர், குடும்பஸ்தர். மேல் துண்டும், ஓரளவு எழுத்து வாசனையும், நல்ல குரலும்தான் அவருடைய மூலதனம். ஞாயிற்றுக்கிழமை பூசை இல்லாவிட்டாலும் கூரைக் கோவிலில் ஜனங்களைக் கூட்டி உட்கார வைத்து ஜெபம் சொல்லுவார். அவர் ஒரு வரி சொல்ல, கூட்டம் மறு வரி சொல்லும். படிக்கத் தெரியாத கிழவிகளுக்குக்கூடப் பிரார்த்தனைகள் எல்லாம் ராகத்தோடு மனப்பாடம். மாலையில் விளக்கு வைத்ததும் ஜெபமாலை. சாவு விழுந்தால் ஓடிவந்து தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபம் சொல்வதும் அவரே. குழந்தைக்கு உயிர் ஊசலாடினால் அவசர ஞானஸ்நானம் கொடுப்பதும் அவரே. இரண்டு தலைமுறை இப்படிக் கழிந்தது. பெரிய பெரிய மேற்றிராணிமார்களின் படங்கள் கோவில்களில் மாட்டியிருக்கின்றன. உபதேசியாரின் படத்தை யார் மாட்டியிருக்கிறார்கள்? ஆனால் ஜெபம் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மிஷனை நடத்திக் காட்டியவர் அவர்தான்.

அந்தக் கஷ்ட காலத்தில், 1792-ல், புதுவை மிஷனுக்கு வந்து சேர்ந்தவர் துபுவா பாதிரியார். நம்மைப் போல் உடுத்து, நம்மைப் போல் உண்டு, 30 வருஷத்துக்கு மேல் இந்த நாட்டில் அலைந்தவர். நம்முடைய பழக்க வழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகத்தை இன்றும் படிக்கிறார்கள். 1823-ல் ஊருக்குத் திரும்பினார். இந்துக்களைக் கிறிஸ்தவர்களாக்குவது ஆகாத காரியம் என்று பகிரங்கமாக அச்சிட்டுச் சொல்லிவிட்டார். மற்ற மிஷனரிகளுக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டுமா! ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். அதே துபுவா பாரீஸில் மிஷனரிகளைப் பயிற்றி அனுப்பும் மடத்தில் ஆசிரியராகி, பிற்பாடு அதற்குத் தலைவராகவும் இருந்தார். ஆகாது என்று எழுதிய கையாலேயே, போய் வாருங்கள் என்று ஆசீர்வாதம் செய்து இளைஞர்களைக் கப்பலேற்றினார். மனிதர் எதை நம்பி அனுப்பினாரோ!

இனி 1844-ஆம் வருஷத்துக்கு வருவோம். அந்த வருஷத்தைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி மாதம் புதுவையில் பொன்னான் ஆண்டகை தம்முடைய குருக்களையெல்லாம் அழைத்து ஒரு பெரிய சங்கம் கூட்டினார். வெளிநாட்டாரை நம்பி எத்தனை நாள் காலம் தள்ளுவது, இந்த மண்ணிலேயே குருக்களைத் தயார் செய்ய வேண்டும் என்பதுதான் அந்தச் சங்கத்தின் முக்கியமான பேச்சு. அந்த விதை மரமாகக் காலம் பிடித்தது. ராயப்பன் ஆண்டகை புதுவையின் முதல் இந்தியப் பேராயராக வந்தது 1955-ல்தான். பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம். அதே 1844 அக்டோபரில் துப்புயி பாதிரியார், பெண் குழந்தைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்க என்றே மாதாவின் மாசற்ற இருதயக் கன்னியர் சபையைப் புதுவையில் தொடங்கினார். பெண் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்ட காலம் அது. இவரோ அச்சகம், அகராதி, பள்ளிக்கூடம் என்று ஓயாமல் உழைத்த மனிதர்.

அதே வருஷம் டிசம்பர் 3-ஆம் தேதி, பிரான்ஸ் தேசத்தில் வால்ஸ் என்ற சிற்றூரில் ஒரு சம்பவம் நடந்தது. அங்கே சேசு சபை மாணவர்களின் மடம் ஒன்று இருந்தது. கலைக்கப்பட்ட சேசு சபை 1814-ல் மறுபடியும் உயிர்பெற்று, அதன் பாதிரிமார் 1837-ல் புதுவையில் வந்து இறங்கி, அங்கிருந்து மதுரை மிஷனுக்குப் போயிருந்தார்கள். போனவர்களில் பலர் வெயிலிலும் ஜுரத்திலும் வாந்திபேதியிலும் சில வருஷங்களுக்குள்ளேயே மடிந்தார்கள். இந்தச் செய்திகள் எல்லாம் கடிதங்களாக வால்ஸ் மடத்துக்குப் போகும். படித்தால் பயம் வர வேண்டும் அல்லவா? பையன்களுக்கு ஆசை வந்துவிட்டது! பாடப் புத்தகம் கசந்தது. தர்க்க சாஸ்திரத்தைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும், இப்போதே மதுரைக்குக் கப்பல் ஏறினால் என்ன என்று துடித்தார்கள்.

அன்று சவேரியார் திருநாள். மாணவர்களின் ஆன்மகுருவான கௌத்ரலே பாதிரியார் அவர்களை அழைத்து வைத்துப் பேசினார். அவர்களுடைய ஆசையை அவர் அணைக்கவில்லை. வேறு வாய்க்காலில் திருப்பி விட்டார். மிஷனரியாவதற்குக் கப்பல் வரும்வரை ஏன் காத்திருக்கிறீர்கள்? இன்றே ஆகலாமே. காலையில் எழுந்ததும் அன்றைய படிப்பு, உழைப்பு, தலைவலி, சந்தோஷம் அத்தனையையும் அந்தத் தூர தேசத்து மக்களுக்காகக் கடவுளிடம் ஒப்புக்கொடுங்கள். கசக்கிற அந்தப் பாடமே ஜெபமாகிவிடும் என்பது அவர் சொன்னதன் சாரம். அந்த ஒரு பேச்சிலிருந்து பிறந்ததுதான் 'ஜெப அப்போஸ்தலர் சங்கம்'. ரமியேர் என்ற பாதிரியார் 1861-ல் அதற்கு ஒரு பத்திரிகை தொடங்க, அது தேசம் தேசமாகப் பரவியது. மாதத்துக்கு ஒரு கருத்தைப் போப்பாண்டவர் குறிப்பிட, உலகெங்கும் உள்ள அங்கத்தினர்கள் அதற்காக ஜெபிப்பது வழக்கமாயிற்று. பெயர் இப்போது மாறியிருக்கிறது, வேலை மாறவில்லை.

நம் ஊர் வெயிலில் மாண்ட மனிதர்களின் கடிதங்கள் அல்லவா இதற்கு வித்து? தமிழ்நாட்டுச் சம்பந்தம் இல்லாவிட்டால் அந்தச் சங்கம் அன்று பிறந்திருக்குமா என்று கூட எனக்குத் தோன்றுகிறது. கடன் திரும்பியும் வந்தது. 1895-ல் காந்தி ஆண்டகை (நம் காந்தியடிகள் அல்லர், இவர் பிரெஞ்சுக்காரர்) புதுவை மேற்றிராசனத்தைத் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுத்து, ஒரு கோவில் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். ரெயில்வே ஸ்டேஷனுக்கு அருகே சிவப்பும் வெள்ளையுமாகக் கூர்மாடங்களோடு நிற்கும் இருதய ஆண்டவர் கோவில்தான் அது. 1902-ல் தொடங்கி 1907-ல் முதல் பூசை நடந்தது. 2011-ல் அதற்குப் பசிலிக்கா என்ற அந்தஸ்தும் கிடைத்தது. மாத முதல் வெள்ளிக்கிழமை அங்கே போய்ப் பாருங்கள். ரெயிலுக்குப் போகிறவர்கள்கூடப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு ஒரு நிமிஷம் உள்ளே எட்டிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஓடுவார்கள்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் விஷயம். கண்ணுக்குத் தெரியாத ஒன்று இந்த ஊரில் இருக்கிறது. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதைத்தான்.

புதுவையில் கார்மெல் மடம் என்று ஒன்று உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அதாவது அந்தச் சம்மட்டி விழுந்த காலத்தை ஒட்டியே, இந்த மண்ணின் பெண்களுக்காகத் தொடங்கியது. இதில் சேரும் கன்னியர் பள்ளிக்கூடம் நடத்த மாட்டார்கள். ஆஸ்பத்திரி நடத்த மாட்டார்கள். வீடு வீடாகப் போய்ப் போதிக்கவும் மாட்டார்கள். மதிலுக்குள் நுழைந்தால் நுழைந்ததுதான். உற்றார் உறவினர் வந்தால் கம்பிக் கிராதிக்குப் பின்னால் நின்று பேசுவார்கள். விடியுமுன் மணி, எழுந்து சங்கீதங்கள் ஓதுதல், காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி மௌன தியானம், நடுவில் தோட்டவேலை, தையல், அப்பம் சுடுதல் என்று கைவேலை. உலகெங்கும் கார்மெல் மடங்களில் இதுதான் நாளின் நடைமுறை. வாசலில் ஒரு மர உருளை சுழலும். வெளியிலிருந்து ஒரு பொருளை வைத்துச் சுழற்றினால் உள்ளே போய்விடும். வைத்தவர் முகம் உள்ளே தெரியாது, எடுத்தவர் முகம் வெளியே தெரியாது.

'இது என்ன மிஷன்? நாலு பேருக்கு உபயோகமாக ஒரு வேலை செய்தால் என்ன?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். பாரீஸ் சபையின் வருஷாந்தர அறிக்கைகளில் ஞானஸ்நானம் இத்தனை, பள்ளிக்கூடம் இத்தனை, அநாதைகள் இத்தனை என்று கணக்கு இருக்கும். ஜெபத்துக்குக் கணக்கு எழுத ஒரு பத்தி கிடையாது. எப்படி எழுதுவது? ஆனால் திருச்சபை என்ன செய்தது பாருங்கள்.

பிரான்ஸில் லிசியே என்ற ஊரில் இதே கார்மெல் சபையின் மடம் ஒன்றில் ஒரு பெண் 15 வயதில் சேர்ந்து, 24 வயதில், 1897-ல், க்ஷயரோகத்தால் இறந்துபோனாள். சிறுமலர் தெரேசம்மாள் என்று நம்மவர் அழைப்பது அவளைத்தான். அந்த மடத்துக் கன்னியர் ஏற்கெனவே சைகோனுக்குப் போய் ஒரு கார்மெல் மடம் அமைத்திருந்தார்கள். தானும் கீழ்த்திசைக்குப் போக வேண்டும் என்று இவளுக்கு ஆசை. உடம்பு இடம் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு மிஷனரிகளுக்கு ஜெபத்தால் சகோதரியாக இருக்கும்படி மடத்துத் தாயார் ஏற்பாடு செய்தார். அவர்களில் ஒருவரான ரூலான் பாதிரியார், புதுவையை நடத்திய அதே பாரீஸ் வேதபோதகச் சபையைச் சேர்ந்தவர். 1896-ல் சீன தேசத்துக்குப் போனவர். கடைசி வருஷத்தில் ஒரு நாள் அவள் மூச்சு வாங்க வாங்கத் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தாள். தினம் சிறிது நடக்கச் சொல்லியிருந்தார்கள். இன்னொரு கன்னி பார்த்துவிட்டு, 'ஏனம்மா சிரமப்படுகிறாய்? உட்காரேன்' என்றாள். எங்கேயோ தொலைதூரத்தில் ஒரு மிஷனரி நடந்து நடந்து களைத்துப் போயிருக்கக்கூடும், அவருடைய களைப்புக் குறையட்டும் என்று இந்த நடையை அவருக்காக ஒப்புக்கொடுக்கிறேன் என்று பதில் சொன்னாளாம்.

1927-ல் 11-ஆம் பத்திநாதர் இந்தப் பெண்ணை மிஷன்கள் அனைத்துக்கும் பாதுகாவலியாக அறிவித்தார். அதுவும் யாருக்குச் சமமாக? கோவாவிலிருந்து ஜப்பான் வரையில் கால் தேய நடந்த சவேரியாருக்குச் சமமாக! பத்தாயிரக்கணக்கில் ஞானஸ்நானம் கொடுத்தவர் ஒரு பக்கம். மடத்துத் தோட்டத்தைத் தாண்டாதவள் மறு பக்கம். புதுவைக் கார்மெலின் மதிலைக் கடந்து போகும்போது இது எனக்கு நினைவுக்கு வரும்.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், விசுவாசத்தை யார்மீதும் வலிந்து சுமத்தக் கூடாது என்று தெளிவாக அறிவித்துவிட்டது. அதே வருஷம் வெளியிட்ட மிஷன் ஏட்டில், கார்மெல் போன்ற தியான மடங்களின் ஜெபம் மிஷனுக்கு மிக அவசியம் என்றும் சொன்னது. கெர்தூவின் சம்மட்டிக்கு 217 வருஷம் கழித்து வந்த பதில் என்று இதை எடுத்துக்கொள்ளலாமா? தாமதம்தான். வந்தவரைக்கும் சரி.

உருளையில் என்ன வைப்பார்கள் என்று சொல்லவில்லையே! காய்கறி வைப்பார்கள், எண்ணெய் வைப்பார்கள். பல நாள் வெறும் காகிதத்துண்டுதான் வரும். 'மகனுக்குப் பரீட்சை', 'மருமகளுக்குப் பிரசவ நேரம்', 'வீட்டுக்காரர் குடியை விடவேண்டும்'. கார்மெல் மடங்களுக்கு இப்படி வேண்டுதல் கொண்டுவருவது எங்கும் உள்ள வழக்கம். கொண்டுவருகிறவர் எந்த மதம் என்று மர உருளை விசாரிப்பதில்லை.

அப்படி விசாரிக்காத இன்னோர் இடத்தையும் சொல்லி நிறுத்துகிறேன். புதுவைக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டரில் வில்லியனூர். அங்கே 1877-ல் ஏற்பட்ட லூர்து மாதா கோவில் இருக்கிறது. பிரான்ஸிலிருந்து வந்த மாதா. எதிரில் தமிழ்நாட்டுக் கோவிலைப் போலவே படிக்கட்டுகளோடு ஒரு குளம். ஈஸ்டருக்குப் பின் வரும் திருநாளில் தேர் புறப்படும்போது நெற்றியில் திருநீறோடும் குங்குமத்தோடும் வந்து கைகூப்பி நிற்பவர்கள் ஏராளம். அதே வில்லியனூரில் பழைய திருக்காமீசுவரர் ஆலயமும் இருக்கிறது. வைகாசியில் அந்தத் தேருக்கு வடம் பிடித்துத் தொடங்கி வைப்பது பிரெஞ்சுக் கவர்னரின் வழக்கமாக இருந்தது. துய்ப்ளேக்ஸின் நாற்காலியில் பின்னால் வந்து உட்கார்ந்தவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு ஈசுவரனின் தேர்வடத்தைத் தொட்டார்கள்! பிரெஞ்சுக்காரர் போன பிறகும் வழக்கம் நிற்கவில்லை. இப்போது லெப்டினன்ட் கவர்னர் வந்து வடம் பிடிக்கிறார். வசதியிருந்தால் இரண்டு தேரையும் பார்த்துவிட்டு வாருங்கள். புதுவையிலிருந்து அடிக்கடி பஸ் உண்டு.